பத்திரத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கோயம்புத்தூரிலிருந்து 54 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தை, அவர் யாரென்று தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். தந்தையார் மறைந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, மன்னார்குடியில் எழுதிப் பதிவான ஒரு பழைய கிரயப் பத்திரம் கிடைத்திருக்கிறது. ஏழு மா நஞ்சையை வேற்றுக் குடும்பத்தார் ஒருவருக்கு விற்ற பத்திரம் அது. எழுதிக்கொடுத்தவர் வாசகியின் எள்ளுப்பாட்டி, அதாவது அவருடைய தந்தையின் தாத்தாவைப் பெற்றவர். பத்திரத்தில் அவர் இன்னாரின் விதந்து (விதவை) என்றும், எட்டு வயது மைனர் குமாரனுக்குத் தாயாரும் கார்டியனும் என்றும் குறிக்கப்பட்டிருக்கிறார். பத்திரத்தில் உள்ள பெயர் ஒன்று, குடும்பத்தில் வழங்கிவந்த பெயர் வேறு.

அந்த அம்மாள் நிலத்தை விற்ற கையோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போய்விட்டார் என்று ஒரு பேச்சும், மறுமணம் செய்துகொண்டார் என்று இன்னொரு பேச்சும் குடும்பத்தில் இருக்கின்றன. அவரைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்தவர் 88 வயதான பெரியப்பா ஒருவர்தான். அந்தம்மாளின் பெயர் வெட்டிய பித்தளைத் தவலை ஒன்றும் அவர் வீட்டில் இருக்கிறது. ஆனால் அவரோ, அந்தக் காலத்துச் சங்கதி இப்போது எதற்கு என்று வாய் திறக்க மறுக்கிறார். சித்தப்பா மகனோ, ஏமாற்றி வாங்கிய நிலம், வழக்குப் போட்டால் திரும்பக் கிடைக்கும் என்கிறார். வாசகி கேட்பவை நான்கு: எள்ளுப்பாட்டியின் பிறப்புச் சான்று கிடைக்குமா, அவருடைய பிறந்த வீடு எது என்று கண்டறிய முடியுமா, நிலத்தில் உரிமை உண்டா, மரபணுச் சோதனை செய்துகொண்டால் பயன் உண்டா.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி கேள்விகளில் இல்லை. "அவள் பெயரைச் சொல்லி எங்கள் வீட்டில் யாரும் திவசம் கொடுத்ததாகக்கூட நினைவில்லை" என்று நடுவில் எழுதியிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக உரிமையியல் வழக்குகளுக்காக மூலப் பத்திரங்களைப் படித்துவரும் எனக்கு அது புரிகிறது. அந்தக் காலத்து ஆண், வரி கட்டினான், சாட்சி சொன்னான், பட்டாவில் நின்றான். அவனை எத்தனையோ ஏடுகள் பிடித்துவைத்திருக்கின்றன. பெண் ஏட்டுக்குள் வருவது சொத்து கைமாறுகிற சில கணங்களில் மட்டும்தான். அப்படி ஒரு கணம் உங்கள் கையில் கிடைத்திருக்கிறது. ஆகவே வேறெங்கும் அலைவதற்கு முன் அந்தத் தாளையே முழுமையாகப் படித்துவிட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் தேதியைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

நீங்கள் அதை 1879ஆம் வருடத்துப் பத்திரம் என்கிறீர்கள். சித்தப்பா மகன் 1870 என்கிறார். நீங்கள் அனுப்பிய படத்தில் முதல் வரியில் 'பிரமாதி௵ தை௴', அதாவது பிரமாதி வருடம் தை மாதம், என்று இருக்கிறது. அவர் அதைப் 'பிரமோதூத' என்று படித்திருக்கிறார். அறுபதாண்டுச் சுழற்சியில் பிரமோதூத நான்காவது, பிரமாதி பதின்மூன்றாவது. பழைய கையெழுத்தில் புள்ளியும் சுழியும் சரியாக விழாததால் இந்த இரண்டும் அடிக்கடி மயங்கும். படத்தில் தெரிவது பிரமாதிதான். அது 1879 ஏப்ரலில் தொடங்கி 1880 ஏப்ரலில் முடிந்த வருடம். தை மாதம் என்பதால் பத்திரம் எழுதப்பட்டது 1880 ஜனவரி, பிப்ரவரி வாக்கில். சந்தேகமிருந்தால் முத்திரைத்தாளின் பின்புறம் முத்திரைத்தாள் விற்பனையாளர் எழுதிய குறிப்பையும், பதிவாளரின் மேலெழுத்தையும் பாருங்கள். அங்கே ஆங்கிலத் தேதி இருக்கும்.

இந்தப் பத்து வருட வித்தியாசம் சின்ன விஷயமில்லை. நடுவில் 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் இருக்கிறது. காவிரிப் பாசனம் இருந்ததால் தஞ்சாவூர் ஜில்லா மற்ற ஜில்லாக்களைப் போல அழியவில்லை என்றாலும் தானிய விலை அங்கேயும் ஏறியது. 1870இல் விற்ற விதவையின் கதை ஒன்று. பஞ்சம் முடிந்து இரண்டாம் வருடத்தில் விற்றவளின் கதை வேறொன்று. வருவாய்க் கணக்குகளைப் பார்க்கும்போது அவை பசலி என்ற வருவாய்த்துறைக் கணக்காண்டில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1289 என்றால் 1879 ஜூலை முதல் 1880 ஜூன் வரை.

பத்திரம் சொல்வது, நாம் சொல்ல வைப்பது

"எள்ளுப்பாட்டியின் நிலம்" என்று கடிதம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். பத்திரம் அப்படிச் சொல்லவில்லை. மிதாட்சரம் என்ற அன்றைய இந்துச் சட்ட முறைப்படி, கூட்டுக் குடும்பச் சொத்தில் கணவன் இறந்ததும் உரிமை மகனுக்குப் போகும். விதவைக்குப் பங்கு கிடையாது, ஜீவனாம்சம் மட்டும்தான். விதவைக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் கணவனின் பங்கு வரம்புக்குட்பட்டுக் கிடைத்தது 1937ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு. ஆகவே உங்கள் எள்ளுப்பாட்டி விற்றது தன் சொத்தையல்ல, எட்டு வயது மகனின் சொத்தை, அவனுக்காக. அவர் சொந்த நிலத்தைத் தொலைத்தார் என்ற குடும்பப் பேச்சும், மகனுடையதைத் தின்றார் என்று உங்கள் அத்தை ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கும் கொடிய பேச்சும், இரண்டுமே இந்தத் தாளிலிருந்து வரவில்லை.

இன்னொரு வரியை நீங்கள் அவசரமாகக் கடந்துவிட்டீர்கள். "என் புருஷன் வாங்கிய கடன் வகைக்காகவும் என் குமாரத்தி கல்யாணச் செலவுக்காகவும்" விற்பதாகப் பத்திரத்தில் இருக்கிறது. எல்லாப் பத்திரத்திலும் எழுதுகிற வாசகம்தானே என்கிறீர்கள். பாதி சரி. மைனர் சொத்தைக் குடும்ப அவசியம் இல்லாமல் கார்டியன் விற்றால், அந்த மைனர் பின்னால் அதை மறுக்கலாம். அவசியம் உண்டா என்று வாங்குபவர் நேர்மையாக விசாரித்திருந்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு என்று 1856இல் அனுமான் பிரசாத் பாண்டே வழக்கில், அன்றைய மேல்முறையீட்டு உச்ச மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லியிருந்தது. அதனால் வாங்குகிறவர்கள் காரணத்தை எழுதச் சொன்னார்கள். கடனைக் கூட்டியோ குறைத்தோ எழுதியிருக்கலாம். ஆனால் ஊரே அறிந்த ஒரு வீட்டில், இல்லாத பெண்ணுக்குக் கல்யாணம் என்று எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்குவது எளிதல்ல. நீங்கள் அனுப்பிய வம்சாவளியில் அந்த மைனர் மகன் ஒற்றைப் பிள்ளை. எனக்கு இந்த வரி சொல்வது, அவனுக்கு ஓர் அக்காள் இருந்தாள், 1880இல் கல்யாண வயதில் இருந்தாள் என்பது. உங்கள் எள்ளுப்பாட்டியைத் தேடப்போன நீங்கள் அவர் மகளையும் சேர்த்தே தேட வேண்டியிருக்கும்.

மறுமணப் பேச்சைப் பற்றியும் பத்திரம் கொஞ்சம் சொல்கிறது. 1856ஆம் ஆண்டின் விதவை மறுமணச் சட்டம் மறுமணத்தைச் சட்டப்படி செல்லத்தக்கதாக்கியது. ஆனால் மறுமணம் செய்துகொண்டவள் முதல் கணவனின் சொத்தில் தனக்குள்ள உரிமையை, அவள் இறந்துவிட்டதைப் போலவே, இழப்பாள் என்றும் சொன்னது. குழந்தைகளுக்கு வேறு கார்டியன் கேட்டு இறந்தவரின் உறவினர்கள் நீதிமன்றம் போகவும் அது வழி வைத்தது. 1880இல் அவர் இன்னாரின் விதந்து என்றும் மகனின் கார்டியன் என்றும் பதிவாளர் முன் நின்றிருக்கிறார் என்றால், அந்தத் தேதி வரையில் மறுமணம் நடக்கவில்லை என்று கொள்வதே பொருத்தம். அதற்குப் பிறகு நடந்ததா என்று இந்தத் தாள் சொல்லாது. நாமும் சொல்ல வேண்டாம்.

பின்பக்கம்

நீங்கள் முன்பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். பிறந்த வீட்டைத் தேடுகிறவர்களுக்குப் பத்திரத்தின் உயிர் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. எழுதிக்கொடுத்தவர் பதிவாளர் முன்னால் தோன்றி, எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொண்டார் என்று அங்கே மேலெழுத்து இருக்கும். பதிவாளருக்கு நேரில் தெரியாதவராக இருந்தால், இவர் இன்னார்தான் என்று அடையாளம் காட்டியவர்களின் பெயரும் தகப்பனார் பெயரும் ஊரும் இருக்கும். எழுதத் தெரியாத பெண் போட்ட கீறல் இருக்கும். அதற்குப் பக்கத்தில் 'இன்னாள் கீறல்' என்று ஒருவர் எழுதியிருப்பார். அந்தச் சின்னக் கோட்டின் மேல் உங்கள் எள்ளுப்பாட்டியின் கை பட்டிருக்கிறது. பின்பக்கத்தைப் பார்க்கும்போது அதையும் பாருங்கள்.

ஒரு விதவை சொத்து விற்கப் போகும்போது துணைக்கு வருகிறவர் யார்? கணவன் வீட்டுப் பங்காளிகளுக்கு அந்த விற்பனையில் மனத்தாங்கல் இருக்கலாம். பெரும்பாலும் வருகிறவர் உடன்பிறந்தவர், அல்லது தாய்மாமன். அடையாளம் காட்டியவர்களில் ஒருவருடைய ஊர் மன்னார்குடியாக இல்லாமல் வேறாக இருந்தால், அதை உங்கள் எள்ளுப்பாட்டியின் பிறந்த ஊராக இருக்கக்கூடிய முதல் ஊர் என்று குறித்துக்கொள்ளுங்கள். இது ஊகம்தான், நிரூபணம் அல்ல. ஆனால் அடுத்த கதவு எது என்று காட்டும் ஊகம். நான்கெல்லையையும் அதே கண்ணோடு படியுங்கள்: 'இன்னார் நிலத்துக்கு மேற்கு, இன்னார் நிலத்துக்கு வடக்கு' என்று வருகிற பெயர்களில் பாதி பங்காளிகளாகவே இருப்பார்கள். பத்திரத்தை லாமினேட் செய்துவிடாதீர்கள். மடிப்புகளைத் தட்டி நிமிர்த்தவும் வேண்டாம்.

அடுத்த கதவு பதிவுத்துறை. இங்கே பதிவுச் சட்டம் 1865 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரயத்துக்குப் பதிவு கட்டாயம். இப்பத்திரம் எண்ணிட்டுப் படியெடுக்கப்பட்ட முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யாரும் தேடலாம். உறவு என்று காட்ட வேண்டியதில்லை. மூன்றாம் புத்தகத்தில் உயில்களும் சுவீகார அதிகாரப் பத்திரங்களும் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகு விண்ணப்பிக்கும் எவருக்கும் அதன் நகல் தரப்படும், ஆனால் அலுவலரே தேடித் தருவார். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று இவ்வளவு பின்னால் போகாது. கையால் தேடும் மனு கொடுக்க வேண்டும். பெயரை வைத்துத் தேடினால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் ஒரே பெண் மூன்று பத்திரத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பாள். சொத்தை வைத்து, கிராமத்தின் பெயரில் உள்ள அட்டவணையில், 1865 முதல் 1900 வரை தேடச் சொல்லுங்கள். இன்று மன்னார்குடி திருவாரூர் மாவட்டம். அன்று தஞ்சாவூர் ஜில்லா. பழைய ஏடுகள் எந்த அலுவலகத்தில் இருக்கின்றன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் முதலில் கேட்டுவிட்டுப் பயணம் கிளம்புங்கள்.

பத்திரத்தில் இனாம் (மானிய நிலம்) என்ற சொல்லோ, டி.டி. (டைட்டில் டீடு) நம்பர் என்ற குறிப்போ இருந்தால் எனக்குக் கட்டாயம் எழுதுங்கள். 1858இல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகளில், அப்போது அனுபவித்துவந்தவரின் பெயர், வயது, முதலில் மானியம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பதெல்லாம் உண்டு. அவற்றின் நகல் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும். இனாம் இல்லையென்றால் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

இல்லாத ஏடுகள்

பிறப்புச் சான்று கிடைக்காது. சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே 1899இல் வந்தது. உங்கள் எள்ளுப்பாட்டி பிறந்தது 1850ஐ ஒட்டி. பதிவு இல்லை என்ற சான்றைத்தான் அலுவலகம் தர முடியும். "ஆயிரம் ரூபாய் கூட ஆனாலும் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அவர் தருவது போலிச் சான்று, அதைப் பயன்படுத்துகிறவரும் குற்றவாளி ஆவார். அதேபோல, இங்கிலாந்தில் உறவினர் செய்ததைப் பார்த்துக் குடிக்கணக்கில் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்) பெயர் தேடலாம் என்று நினைத்திருக்கிறீர்கள். இங்கே 1871லும் 1881லும் குடிக்கணக்கு எடுத்தார்கள். ஆனால் வீட்டுவாரிப் பெயர்த் தாள்களைப் பாதுகாக்கவில்லை, கூட்டுத்தொகைகளே அச்சில் இருக்கின்றன. குடும்பம் கிறிஸ்தவக் குடும்பமாக இருந்திருந்தால் ஞானஸ்நான ஏடு இருந்திருக்கும். உங்களுக்கு அந்த வழி இல்லை.

கப்பல் பேச்சைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்தில் ஏறியவர்கள் பெரும்பாலும் பினாங்குப் பக்கம் போனார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களின் கப்பல் பட்டியல்கள்தான் நமக்கு அதிகம் உதவுபவை: 1860 முதல் 1911 வரை போன 1,52,184 பேருக்கு, பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று பத்திகள் உண்டு. பெண்ணுக்கும் தகப்பனார் பெயர் எழுதினார்கள் என்பதை நினையுங்கள். இந்த ஊர்ப் பத்திரங்கள் மறைத்ததை அந்தப் பட்டியல் சொல்லும். ஆனால் பெயர் ஒன்று ஒத்துப்போனதும் கண்டுபிடித்துவிட்டோம் என்று குதிக்காதீர்கள். பெயர், வயது, கிராமம், தாலுகா நான்கும் பொருந்த வேண்டும். எட்டு வயது மகன் இங்கேயே வளர்ந்து, இங்கேயே உங்கள் குடும்பத்தைப் பெருக்கியிருக்கிறான் என்பதையும் எடை போடுங்கள்.

நிலம் திரும்பாது

இதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். கார்டியன் செய்த விற்பனையை மறுக்க விரும்பும் மைனர், மேஜரானதிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்று 1877ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் சொன்னது. 1880இல் எட்டு வயதான மகன் 1890இல் மேஜராகியிருப்பார். 1893ஐ ஒட்டியே அந்தக் கதவு அடைபட்டது. உங்கள் சித்தப்பா மகன் சொல்லும் 2005ஆம் ஆண்டு வாரிசுரிமைத் திருத்தம், குடும்பத்தின் கையில் இருக்கும் சொத்தில் மகளுக்குப் பங்கு தருகிறது. அதிலும் 2004 டிசம்பர் 20க்கு முன் நடந்த விற்பனைகளைத் தொடுவதில்லை என்று அதுவே சொல்கிறது. 125 வருடத்துக்கு முன் போன நிலத்தை எட்டிப் பிடிக்க அதற்குக் கை இல்லை. முப்பது வருடத்துக்கு மேற்பட்ட பத்திரம் தக்க காவலிலிருந்து வந்தால் அதன் கையெழுத்து உண்மையானது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்பதும் உண்மைதான். ஆனால் உங்களிடம் இருப்பது விற்ற பத்திரம். அது உண்மை என்று நிறுவினால், விற்றுவிட்டோம் என்பதைத்தான் நிறுவுவீர்கள்.

வழக்கின் செலவைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அந்த நிலத்தை இன்று வைத்திருப்பவர்கள் வீட்டில், உங்கள் எள்ளுப்பாட்டியின் கணவர் குடும்பம் வாங்கிய மூலப் பத்திரமோ, அதற்கு முந்தைய தாய்ப்பத்திரமோ இருக்கலாம். விற்கும்போது மூலங்களையும் சேர்த்துக் கொடுப்பதே வழக்கம். வழக்கறிஞர் அறிவிப்பு போய்விட்டால் அந்தப் பெட்டி உங்களுக்குத் திறக்காது. நிலம் கேட்டு வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் போய்க் கேளுங்கள்.

பெரியப்பாவும் மரபணுச் சோதனையும்

மரபணுச் சோதனை உங்கள் கேள்விக்கு விடை தராது. எள்ளுப்பாட்டியிடமிருந்து உங்களுக்கு வந்திருப்பது சராசரியாகப் பதினாறில் ஒரு பங்கு. தாய்வழியாக மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரிய மரபணு அவரிடமிருந்து மகனுக்கு வந்து அந்த மகனோடு நின்றுவிட்டது. ஆண் அதைப் பிள்ளைகளுக்குக் கடத்துவதில்லை. பத்திரத்தில் எட்டிப்பார்க்கும் அந்த மகளுக்குப் பெண்வழியில் வாரிசுகள் இருந்தால் அது அவர்களிடம் இருக்கும். அவர்களை முதலில் காகிதத்தில் கண்டுபிடிக்க வேண்டும்.

பெரியப்பா உங்களோடு பேச மறுப்பது எதையோ ஒளிப்பதற்காக என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறுமணம் என்ற பேச்சைச் சுமந்துகொண்டு வளர்ந்த தலைமுறை அவருடையது. உங்களுக்குப் பெருமையாகத் தெரியக்கூடிய ஒன்று அவருடைய சிறுவயதில் பெண் கொடுக்கல் வாங்கலைக் கெடுக்கக்கூடிய பேச்சாக இருந்திருக்கும். பத்திரம் சொல்வதையும், அத்தையின் பேச்சை அது தாங்கவில்லை என்பதையும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் பேச ஆரம்பித்தால், தேதியிட்டுப் பதிவு செய்யுங்கள். யாரிடமிருந்து கேட்டார் என்பதையும் கேளுங்கள். உறவுமுறை பற்றி, தகராறு எழுவதற்கு முன், அதை அறியத்தக்க நிலையில் இருந்த ஒருவர் சொன்னது, அவர் காலத்துக்குப் பிறகும் சாட்சியமாக ஏற்கப்படும் என்பது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலிருந்தே இருந்துவரும் விதி. தகராறு தொடங்கிய பிறகு சொன்னதற்கு அந்த மதிப்பு இல்லை. சித்தப்பா மகனைப் பொறுத்திருக்கச் சொல்ல இது இன்னொரு காரணம். பெரியப்பா மறுத்தால் விட்டுவிடுங்கள். பதிவேடுகளைத் தேட அவருடைய சம்மதம் தேவையில்லை, ஆனால் அவர் நினைவைத் தேடச் சம்மதம் வேண்டும்.

பேச்சு எப்படிப் போனாலும் அந்தத் தவலையை மட்டும் ஒரு முறை கேட்டு வாங்கிப் பாருங்கள். கழுத்தடியில் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயருக்கு முன்னால், நீங்கள் எழுதியிருக்கிறபடி, ஓர் எழுத்து தனியாக நிற்கிறது. அது 'ம' இல்லை என்கிறீர்கள். சீராக வந்த பாத்திரத்தில் பெண்ணின் பெயரோடு ஊரின் முதலெழுத்தை வெட்டுவது உண்டு. மன்னார்குடி இல்லையென்றால் அது பிறந்த ஊராக இருக்கலாம். பத்திரத்தின் பின்பக்கத்தில் அடையாளம் காட்டியவரின் ஊரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் சாய்த்துத் தேய்த்து எடுத்தால் எழுத்து தெளிவாக விழும். பார்ப்பதற்கு முன் யாரும் புளி போட்டுத் துலக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புள்ளிகள் ஏற்கெனவே தேய்ந்திருக்கும்.